ஐந்து டாலர் சாண்ட்விச்சும் பாயின் கணக்கு நோட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை பேரன் வீடியோ காலில் வந்தான். கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு சாண்ட்விச். "தாத்தா, ஆப்ல கூப்பன் போட்டு பாதி விலைக்கு வாங்கிட்டேன்" என்றான். தாத்தா கணக்குப் பார்க்கிறவர், மெச்சுவார் என்று நினைத்திருப்பான்.

"மீதிப் பாதிய யாரு கட்டுனாங்கப்பா?" என்று கேட்டேன்.

"கம்பெனிதான் தாத்தா, வேற யாரு?"

அவனுக்கு அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். அதற்குள் அவன் அம்மா போனை வாங்கி, என் சர்க்கரை அளவைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். அவனுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். இதில் எனக்கு ஒரு பழைய உறுத்தலும் இருக்கிறது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் கோயமுத்தூரில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் முப்பத்தோரு வருஷம் காஸ்டிங் பார்த்தவன். ஒரு கிலோ நூலுக்குப் பஞ்சு எவ்வளவு, கழிவு எவ்வளவு, கரண்ட் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பைசா பைசாவாகப் பிரித்துப் போடுவதுதான் வேலை. அந்தப் புத்தி ரிட்டயர் ஆன பிறகும் போகவில்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் இலைக்கு எவ்வளவு ஆகியிருக்கும் என்று மனசு போட்டுப் பார்க்கும். என் வீட்டுக்காரி, "ஏனுங்க, சோத்தப் பாத்துச் சாப்புடுங்க" என்று எத்தனையோ தடவை அதட்டியிருக்கிறாள்.

2008-ல் முதல்முறை அமெரிக்கா போனோம். மகள் அப்போது நியூஜெர்சியில், எடிசன் பக்கம். பேரன் பிறந்த சமயம். டிவியைப் போட்டால் ஐந்து விரலைக் காட்டிக்கொண்டு, இரண்டு கையையும் ஓரடி விரித்துக் காட்டிக்கொண்டு ஒரு பாட்டு. ஓரடி நீள சாண்ட்விச் ஐந்து டாலர். சப்வே கம்பெனி அந்த வருஷம் மார்ச் மாதத்தில் நாடு முழுக்க அதை ஆரம்பித்திருந்தது. சில வாரங்களுக்கு மட்டும் என்று ஆரம்பித்தது, ஓட்டம் நன்றாக இருக்கவே வருஷக்கணக்கில் நீண்டது. அந்தச் செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் விழுந்து, ஊரே வேலை போகுமா நிலைக்குமா என்று இருந்த நேரம். ஐந்து டாலருக்கு இருவர் சாப்பிடலாம் என்றால் யார்தான் விடுவார்கள்? நானும் என் வீட்டுக்காரியும் ஒன்று வாங்கிப் பாதிப் பாதியாகச் சாப்பிட்டோம். காய்கறி சாண்ட்விச்தான். அவள் முதல் கடியிலேயே, "என்னங்க இது, ரொட்டி இனிக்குது" என்றாள். அப்போது சிரித்தேன். 2020-ல் அயர்லாந்து உச்ச நீதிமன்றம் அதையே சொன்னது. அந்நாட்டு வரிச் சட்டத்தில் ரொட்டி என்றால் மாவின் எடையில் சர்க்கரை 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சப்வே ரொட்டியில் 10 சதவீதம். ஆகவே வரிச் சலுகைக்கு அது ரொட்டியே இல்லை என்று தீர்ப்பு. என் வீட்டுக்காரி பன்னிரண்டு வருஷம் முன்னாலேயே கொடுத்த தீர்ப்பு அது!

இந்த ஐந்து டாலர் யோசனை எப்படிப் பிறந்தது என்பது சுவாரசியமானது. கம்பெனித் தலைமையகத்தில் பிறந்ததல்ல. மயாமியில் ஸ்டூவர்ட் ஃபிராங்கல் என்று ஒரு கடைக்காரர். அவருடைய இரண்டு சின்னக் கடைகளும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் இரு முனைகளில். வார நாளில் கூட்டம், சனி ஞாயிறு ஈயாடும். ஆனாலும் ஆளுக்குச் சம்பளம் கொடுத்துத்தான் ஆக வேண்டும், விளக்கு எரிந்துதான் ஆக வேண்டும். ஆகவே வாரக் கடைசியில் மட்டும் வழக்கத்தைவிட ஒரு டாலர் போலக் குறைத்து, ஐந்து என்று முழு எண்ணாக வைத்தார். கதவுக்கு வெளியே வரிசை நின்றது.

இது நல்ல காஸ்டிங். சும்மா நிற்கிற ஆளுக்கும் சும்மா எரிகிற அடுப்புக்கும் வேலை கொடுப்பதற்கு விலையைக் குறைத்தால் தப்பில்லை. மில்லில் நாங்களும் ஆர்டர் இல்லாத மாதங்களில் மெஷினை நிறுத்துவதற்குப் பதில் குறைந்த விலைக்கு நூல் போட்டிருக்கிறோம். ஆனால் அதை நாங்கள் முடிவு செய்தோம். எங்கள் கிடங்கு, எங்கள் மாதம், எங்கள் நஷ்டம். மயாமிக்காரர் செய்ததும் அப்படித்தான். அவர் கடையில், அவருக்குத் தோதான இரண்டு நாளில். அதையே ஏழு நாளும், எல்லா ஊரிலும், கூட்டம் உள்ள கடைக்கும் இல்லாத கடைக்கும் ஒன்றாகப் போட்டால் அது வேறு கணக்கு.

அதைப் புரிந்துகொள்ள இந்தத் தொழிலில் யார் யாருக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். அங்கே தெருவுக்குத் தெரு தெரியும் போர்டுகள் எல்லாம் கம்பெனியின் கடைகள் இல்லை. கம்பெனி பெயர், கம்பெனி முறை, கம்பெனி சொல்லும் சாமான். ஆனால் முதல் போட்டவர், கடன் வாங்கியவர், கதவைத் திறந்து மூடுகிறவர் வேறொருவர். சப்வேயை எடுத்துக்கொண்டால், 1965-ல் கனெக்டிகட் மாநிலத்தில் பிரெட் டெலூகா என்ற பதினேழு வயதுப் பையன், பீட்டர் பக் என்ற அணு விஞ்ஞானியிடம் ஆயிரம் டாலர் கடன் வாங்கி ஆரம்பித்தது. பிறகு பிரான்சைஸ் என்று கொடுக்க ஆரம்பித்து உலகம் முழுக்கப் பரவியது. கடைக்காரர் தன் விற்பனையில் 8 சதவீதம் ராயல்டி, 4.5 சதவீதம் விளம்பர நிதி, ஆக 12.5 சதவீதம் கட்ட வேண்டும்.

விற்பனையில் என்பதைக் கவனியுங்கள். லாபத்தில் அல்ல. கடைக்காரருக்கு மிச்சமோ நஷ்டமோ, கல்லாவில் விழுந்த ஒவ்வொரு டாலரிலும் கம்பெனிக்கு எட்டில் ஒரு பங்கு.

தஞ்சாவூர்ப் பக்கத்து வாரக் குத்தகை ஞாபகம் வருகிறது எனக்கு. விளைந்த நெல்லில் பங்கு களத்திலேயே மிராசுதாருக்கு அளந்து போய்விடும். விதை, எரு, உழவு எல்லாம் உழுதவன் தலையில். ஆனால் மிராசுதார் கூட "இந்த வருஷம் நெல்லை மூட்டைக்கு இவ்வளவு குறைத்துத்தான் விற்க வேண்டும்" என்று குடியானவனுக்குச் சொன்னதில்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. கணக்கு பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம், ஆனால் போகாதீர்கள். விஷயமே இங்கேதான் இருக்கிறது. எண்கள் நான் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டவை.

ஒரு சாண்ட்விச் 6 டாலர். அதில் ரொட்டி, கறி, காய், காகிதம் எல்லாம் சேர்த்து 2 டாலர். கம்பெனிக்கு 11 சதவீதம் என்று வைத்தால் 66 காசு. கடைக்காரருக்கு நிற்பது 3 டாலர் 34 காசு. இதிலிருந்துதான் வாடகை, கூலி, கரண்ட், வட்டி, கடைசியில் அவர் வீட்டுச் சாப்பாடு.

விலையை 5 டாலர் ஆக்குங்கள். ரொட்டியும் கறியும் விலை குறையாது, அதே 2 டாலர். கம்பெனிக்கு 55 காசு. கடைக்காரருக்கு 2 டாலர் 45 காசு. கம்பெனிக்குக் குறைந்தது 11 காசு. கடைக்காரருக்குக் குறைந்தது 89 காசு.

விலை குறைத்தால் விற்பனை கூடும் என்பார்கள். கூடட்டும். முன்பு 100 விற்ற இடத்தில் இப்போது 130 விற்கிறது என்று வைப்போம். கம்பெனிக்கு முன்பு 66 டாலர், இப்போது 71 டாலர் 50 காசு. லாபம். கடைக்காரருக்கு முன்பு 334 டாலர், இப்போது 318 டாலர் 50 காசு. நஷ்டம். அதோடு முப்பது சாண்ட்விச் அதிகமாகப் போட்டிருக்கிறார். கம்பெனிக்குப் பழைய வரும்படி வர நூற்றுக்கு 20 கூடுதலாக விற்றால் போதும். கடைக்காரருக்கு 36 கூடுதலாக விற்க வேண்டும், அதுவும் கூடுதல் ஆள் போடாமல். இந்த இருபதுக்கும் முப்பத்தாறுக்கும் நடுவே எங்கே நின்றாலும் ஒருவர் கைதட்டுவார், ஒருவர் கையைப் பிசைவார். கைதட்டுகிறவர்தான் விளம்பரம் கொடுக்கிறவர்.

இதில் கம்பெனிக்காரர்கள் சொல்லும் பதிலையும் சொல்லிவிடுகிறேன். சாண்ட்விச்சுக்காக வந்தவன் கோக்கும் சிப்ஸும் வாங்குவான், லாபம் அங்கே இருக்கிறது என்பார்கள். உண்மைதான். தண்ணீர், ஐஸ், கொஞ்சம் பாகு, கொஞ்சம் வாயு. அந்தக் கோப்பை பானத்தில்தான் இந்தத் தொழிலின் உயிர் இருக்கிறது. ஆனால் ஐந்து டாலர் ஒட்டுமொத்தமாகத் தெரிகிற ஆள்தான் கோக் வாங்காத ஆள். வேறு யாரையும் சொல்லவில்லை, எங்கள் இருவரையே சொல்கிறேன். வீட்டிலிருந்து தண்ணீர் பாட்டில் கொண்டு போனோம்.

சாண்ட்விச் மட்டுமல்ல, பர்கரிலும் இதே கதைதான். 2009-ல் பர்கர் கிங் கம்பெனி, இரட்டை சீஸ் பர்கரை 1 டாலருக்கு விற்க வேண்டும் என்றது. கடைக்காரர்கள் சங்கம் கோர்ட்டுக்குப் போனது. எங்களுக்கு அதைச் செய்யவே 1 டாலர் 10 காசு ஆகிறது, விலையை எங்கள் மேல் திணிக்க உனக்கு அதிகாரம் இல்லை என்று வழக்கு. மறு வருஷம் கம்பெனி அந்தப் பர்கரின் விலையைக் கூட்டி, ஒரு டாலருக்கு வேறொன்று போட்டது. என்ன வித்தியாசம்? இரண்டு சீஸ் தாளுக்குப் பதில் ஒன்று. மெக்டொனால்ட்ஸ் இதை 2008 டிசம்பரிலேயே செய்திருந்தது. ஒரு தாளை எடுத்துவிட்டு 'மெக்டபுள்' என்று பெயர் மாற்றியது. ஒரு சீஸ் தாளுக்காகக் கண்டங்கள் தாண்டிய இரண்டு கம்பெனிகள் மெனுவையே மாற்றின என்றால், ஒரு டாலரில் எத்தனை காசு மிஞ்சியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

2010-ல் இரண்டாம் முறை போயிருந்தேன். மகள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் காலை நடையில் ஒருவர் பழக்கமானார். குஜராத்திக்காரர். எல்லோரும் பாய் என்று கூப்பிட்டார்கள், நானும் கூப்பிட்டேன். (நம்மூர் அர்த்தம் இல்லை. அவர்கள் பாஷையில் சகோதரர்.) என் அரைகுறை இந்தியும் அவர் அரைகுறை இங்கிலீஷும் சேர்ந்து ஒரு முழுப் பேச்சு ஆகிவிடும். அவர் ஒரு சாண்ட்விச் கடை வைத்திருந்தார். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். சப்வே ஐந்து டாலர் என்றதும் மற்ற கம்பெனிகளும் நாலு, ஐந்து என்று போட்டியில் இறங்கியிருந்த காலம் அது.

ஒரு நாள் பாய், கடையை விற்கப் போவதாகச் சொன்னார். முழங்கால் வலி, வயசாகிவிட்டது என்றார். இதை நான் வீட்டில் வந்து சும்மா சொல்ல, மாப்பிள்ளை காதைத் தீட்டிக்கொண்டார். அவர் ஐ.டி. கம்பெனியில் அப்போது இரண்டு சுற்று ஆள்குறைப்பு முடிந்திருந்தது. கிரீன் கார்டு கைக்கு வந்திருந்தது. "எத்தன நாளைக்கு மாமா இன்னொருத்தன்கிட்ட கைகட்டி நிக்கறது? நமக்குன்னு ஒண்ணு வேணுமல்லங்க" என்றார். தப்பில்லாத ஆசை. கடனுக்கு மேல் கையிருப்பு கொஞ்சம் தேவைப்பட்டது. பீளமேட்டில் எனக்கு ஒரு மனை இருந்தது. யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் மகள், "அப்பா, அந்த எடம் சும்மாதான கெடக்குது?" என்று ஒரு ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்.

நான் பாயிடம் நோட்டைக் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. மூன்று வருஷக் கணக்கையும், கம்பெனிக்கு வாராவாரம் போகும் விற்பனை அறிக்கையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். ரிட்டயர் ஆன பிறகு அப்படி உட்கார்ந்தது அதுதான், உண்மையைச் சொன்னால் சந்தோஷமாக இருந்தது.

சராசரி வாரம் 8,000 டாலர் விற்பனை. சாமானும் காகிதமும் 2,640. இரண்டு பையன்கள் கூலி 1,500. கம்பெனிக்கு 880. வாடகை 1,100. கரண்ட், கேஸ், இன்சூரன்ஸ், கார்டு கமிஷன், ரிப்பேர் எல்லாம் ஆயிரம். வட்டி 250. மிச்சம் வாரம் 630 டாலர்.

வருஷத்துக்கு முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம். மாப்பிள்ளை, "பரவால்லைங்களே மாமா, நான் கூட்டத்த ஏத்திக் காட்டறேன்" என்றார்.

நான் நோட்டில் இல்லாத ஒன்றைத் தேடினேன். பாய் காலை ஆறு மணிக்குப் போகிறார், ராத்திரி கடை சாத்துகிறார். வாரம் எழுபத்தைந்து மணி நேரம். அவர் சம்சாரம் மதியக் கூட்டத்துக்கு நின்று, காலையில் காய் நறுக்கி, நாற்பத்தைந்து மணி நேரம். இந்த நூற்றிருபது மணி நேரத்துக்கு நோட்டில் ஒரு காசு செலவு எழுதவில்லை. 630-ஐ 120-ஆல் வகுத்தேன். மணிக்கு 5 டாலர் 25 காசு. அந்த வருஷம் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி 7 டாலர் 25 காசு. தன்னிடம் வேலை பார்க்கிற பையனுக்கு அவர் 5.25 கொடுத்திருந்தால் அபராதம் போட்டிருப்பார்கள். தனக்கும் சம்சாரத்துக்கும் கொடுத்துக்கொள்ளலாம், கேட்பார் இல்லை. சட்டக் கூலியைச் செலவில் எழுதினால் 870. மிச்சம் 630. வாரம் 240 டாலர் நஷ்டத்தில் ஓடும் கடை அது.

நம் ஊரில் நெல்லுக்குக் கொள்முதல் விலை வைக்கும்போது இதற்கு ஒரு பெயரே உண்டு. கைவிட்டுப் போன செலவு மட்டும் ஏ2. வீட்டு ஆட்களின் உழைப்பையும் சேர்த்தால் ஏ2 கூட்டல் எஃப்.எல். சொந்த நிலத்துக்கு வாடகை, சொந்த முதலுக்கு வட்டி எல்லாம் சேர்த்தால் சி2. விவசாயச் சங்கங்கள் சி2 கேட்டுப் போராடுவது அதனால்தான். அமெரிக்காவில், கண்ணாடிக் கதவும் ஏ.சி.யும் உள்ள கடையில், அதே ஏ2 கணக்கைப் பார்ப்பேன் என்று நான் நினைக்கவில்லை. ஐந்து டாலர் விலையைத் தாங்கி நிற்கும் தூண் எது என்று கேட்டால், ஒரு பெண்மணி காலை ஆறரைக்குச் சம்பளம் இல்லாமல் தக்காளி நறுக்குகிறாரே, அதுதான்.

அந்தத் தக்காளிக்குப் பின்னாலும் ஒரு கணக்கு உண்டு. ஃப்ளோரிடாவில் இம்மோகலி என்று ஓர் ஊர். குளிர்காலத் தக்காளி அங்கிருந்து வருகிறது. பறிக்கிறவர்களுக்கு 32 பவுண்டு வாளி ஒன்றுக்கு ஐம்பது காசு போலக் கூலி. பவுண்டுக்கு ஒரே ஒரு காசு கூட்டிக் கொடுங்கள் என்று அந்தத் தொழிலாளர்கள் 2001-ல் டாக்கோ பெல் கம்பெனியைப் புறக்கணிக்கச் சொல்லி ஆரம்பித்தார்கள். நாலு வருஷம் ஆனது அவர்கள் ஒப்புக்கொள்ள. பிறகு மெக்டொனால்ட்ஸ் 2007, பர்கர் கிங்கும் சப்வேயும் 2008. ஒரு சாண்ட்விச்சில் போடும் இரண்டு மூன்று வில்லைக்கு அது ஒரு காசில் ஒரு துணுக்குக்கூட வராது. அதற்கு ஏழு வருஷம்.

கூலிக்கு நின்ற அந்த இரண்டு பையன்களின் கணக்கும் முழுதாகக் கடையில் முடியவில்லை. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள் 2013-ல் எண்ணிப் பார்த்தார்கள். துரித உணவுக் கடைகளில் முன்வரிசையில் வேலை பார்ப்பவர்களின் குடும்பங்களில் பாதிக்கு மேல், உணவுக் கூப்பனோ அரசு மருத்துவமோ ஏதாவது ஓர் உதவியில் இருந்தன. வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 700 கோடி டாலர். அதாவது என் மாப்பிள்ளை கட்டிய வரியிலிருந்தும் அந்த சாண்ட்விச்சுக்குக் கொஞ்சம் போயிருக்கிறது. பேரன் கேட்டால் சொல்வேன், உன் பாதி விலையை உன் அப்பாவும் கொஞ்சம் கட்டினாரப்பா என்று.

மாப்பிள்ளையிடம் காகிதத்தைக் கொடுத்தேன். பேசாமல் பார்த்தார். "அவரு சம்சாரம் எடத்துல யாரு மாமா நிப்பாங்க?" என்றார். நான் மகளைப் பார்த்தேன். அவள் ஆறு மாதக் கைக்குழந்தையோடு நின்றாள், இரண்டாவது பேத்தி. அவரே காகிதத்தை மடித்து வைத்துவிட்டார். பீளமேட்டு மனை பிழைத்தது. மாப்பிள்ளையின் வேலையும் போகவில்லை.

இதோடு முடிந்திருந்தால் இது என் கெட்டிக்காரத்தனத்தின் கதையாக இருந்திருக்கும்.

பாயிடம் நானே போய்ச் சொன்னேன், மாப்பிள்ளைக்கு இப்போது தோதில்லை என்று. ஏன் என்று அவர் கேட்கவில்லை. நோட்டைப் பார்த்தவனிடம் என்ன கேட்பது? அவர் சம்சாரம் மட்டும், பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, "என் சம்பளத்தையும் எழுதினீர்களா பாய்சாப்?" என்றார். எழுதினேன் என்றேன். எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவை யாரோ எழுதியிருக்கிறார்கள் என்றார்.

அடுத்த மாதம் நான் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு இளைஞர் கடையைப் பார்க்க வந்தார். புதிதாகக் கல்யாணம் ஆனவர், அமெரிக்கா வந்து நாலைந்து வருஷம் இருக்கும். சுற்றிப் பார்த்தார், அடுப்பைத் திறந்து பார்த்தார். பாய் உள்ளே போனை எடுக்கப் போன நேரத்தில் என்னிடம் வந்து, "அங்கிள், நீங்கள் இங்கே அடிக்கடி வருவீர்களா? கடை எப்படி?" என்று கேட்டார்.

"நல்ல இடம். மதியம் நல்ல கூட்டம்" என்றேன்.

இரண்டும் உண்மை. பை நிறைய நோட்டை இரண்டு நாள் பிரித்து மேய்ந்தவன் சொன்ன உண்மை அது. பாய் என் நண்பர், அவருக்கு முழங்கால் வலி, அவர் வெளியே வர வேண்டும். ஒருவர் தோளிலிருந்து இறங்கினால் இன்னொருவர் தோளில்தான் ஏற வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. நான் வாயைத் திறந்திருந்தால் பாய் இன்னும் ஐந்து வருஷம் நின்றிருப்பார். இதை எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

சப்வே அமெரிக்காவில் 2015 வாக்கில் இருபத்தேழாயிரம் கடைகள் வைத்திருந்தது. 2017 கடைசியில் ஓரடியை மறுபடி 4 டாலர் 99 காசுக்கு விற்கச் சொன்னபோது, நானூறு பேருக்கு மேல் கடைக்காரர்கள் எதிர்த்து மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். மறு வருஷம், அவரவர் விருப்பம் என்று கம்பெனி இறங்கி வந்தது. 2023-ல் கடைகள் இருபதாயிரம் சொச்சம்தான் இருந்தன. அந்த வருஷமே ரோர்க் கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனம் கம்பெனியை வாங்க ஒப்பந்தம் போட்டது. பத்திரிகைகள் எழுதிய விலை 960 கோடி டாலர் வரை. ஏழாயிரம் கடை மூடிய பிறகு கம்பெனிக்குக் கிடைத்த விலை அது. மூடிய ஏழாயிரம் பேருக்கு என்ன கிடைத்தது என்பதை எந்தப் பத்திரிகையும் ஒரு வரியில் போடவில்லை, போடவும் முடியாது.

மலிவாகச் சாப்பிடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வேலை போன வருஷத்தில் ஐந்து டாலர் சாப்பாடு எத்தனை பேருக்கு வயிறு நிறைத்தது என்று கண்ணால் பார்த்தேன். நான் சொல்வது ஒன்றுதான். விலையைக் குறைக்கிற அதிகாரம், குறைந்ததைச் சுமக்கிறவன் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால், கம்பெனி தன் பங்கை விற்பனையில் எடுக்காமல் லாபத்தில் எடுக்கட்டும். லாபத்தில் எடுக்கச் சொன்னால் ஐந்து விரல் பாட்டு அத்தனை நாள் ஓடியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

2014-ல் மூன்றாம் முறை போனபோது ஒரு காலை நானும் என் வீட்டுக்காரியும் அந்தக் கடைக்குப் போனோம். பாய் மகன் வீட்டோடு டெக்சாஸ் போய்விட்டிருந்தார். கல்லாவில் ஒரு சின்னப் பெண். பின்னால் ஒரு கைக்குழந்தை, காரில் வைக்கும் கூடையில், தூங்கிக்கொண்டிருந்தது. கடைக் கண்ணாடியில் புதிதாக ஒரு ஆஃபர் போஸ்டர். அவளுடைய கணவர், என்னிடம் கேட்டவர், உள்ளே ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை.

காய்கறி சாண்ட்விச் ஒன்று சொன்னேன். அந்தப் பெண் போட்டுக் கொடுத்து, ஆஃபர் விலையை மெஷினில் தட்டினாள்.

"ஆஃபர் வேண்டாம்மா, பழைய விலையே போடு" என்றேன் இங்கிலீஷில்.

அவள் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று பயந்தது போல் பார்த்தாள். இரண்டு மூன்று பட்டனை அமுக்கிப் பார்த்தாள். பிறகு, "சாரி அங்கிள், அது கம்ப்யூட்டரில் அவர்கள் போட்டது. எங்களால் மாற்ற முடியாது" என்று சொல்லி, ரசீதைக் கிழித்துக் கையில் கொடுத்தாள்.